மூச்சுக்கு ஒரு ஜன்னல்

ஓசூருக்கு வந்து மூன்றாவது குளிர்காலத்தில்தான் பூங்கொடிக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. அருப்புக்கோட்டைப் பக்கத்து வெயிலில் வளர்ந்த உடம்பு அது. முதல் வருஷம் பனியைக் கண்டு ஆசைப்பட்டாள். பேசும்போது வாயிலிருந்து ஆவி வருவதைக் கணவன் சக்தியிடம் காட்டிச் சிரித்தாள். அடுத்த வருஷம் இருமல் வந்து, மாசி வரைக்கும் போகவில்லை. இந்தக் கார்த்திகையிலோ கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்டது. கார்களுக்கு ஒயர்க் கட்டுகள் தயாரிக்கும் கம்பெனி. அவளுக்கு முன்னால் பலகை நகர்ந்துகொண்டே இருக்கும்; ஒயரை எடுத்து, வளைத்து, டேப் சுற்ற வேண்டும். அன்று டேப் கையிலேயே நின்றுவிட்டது. பக்கத்துப் பெண் கத்திக் கூப்பிட்டபோது பூங்கொடி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் ராஜலட்சுமி நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார்.

"இது எப்பவும் கைப்பையில இருக்கணும். விடிகாலைப் பனியில வாக்கிங் போறேன்னு கிளம்பிடாதீங்க. வீட்டுக்குள்ளேயே யோகா, மூச்சுப் பயிற்சி ஏதாவது பண்ணுங்க. பழகப் பழக நெஞ்சு கொஞ்சம் விரியும்."

அந்தச் சமயம் பார்த்து கம்பெனி கேன்டீனில் யோகா முகாம் நடந்தது. சொல்லிக்கொடுக்க வந்த மாதவன் சார் மெலிந்த மனிதர்; குரல் மட்டும் கனம். "வீட்ல செய்யும்போது ஜன்னலைத் திறந்து வச்சுக்கங்க. அடைச்ச ரூம்ல மூச்சுப் பயிற்சி பண்ணாதீங்க" என்று தினமும் சொன்னார். முகாம் முடிந்ததும் மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். பூங்கொடி விடவில்லை. அந்த விசில் சத்தம் அவளை அவ்வளவு பயமுறுத்தியிருந்தது.

அவர்கள் குடியிருந்தது திம்மப்பனின் மாடி வீட்டில். ஒரு அறை, ஒரு சமையலறை, ஒரே ஒரு ஜன்னல். சக்திக்கு ஃபவுண்டரியில் இரவு ஷிப்ட். அவன் இரும்புத்தூள் வாசனையோடு வந்து படுப்பதற்குள் அறை அவளுக்கு. ஜமுக்காளத்தை விரித்து, ஸ்வெட்டரைக் கழற்றாமல், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தொடங்குவாள்.

குனிவதும் நிமிர்வதும் அவளுக்குக் கஷ்டமாக இல்லை. சும்மா இருப்பதுதான் வரவில்லை. இத்தனை வருஷமாக நகரும் பலகைக்கு ஈடுகொடுத்த கைகள், மடியில் வைத்தால் மடியில் இருக்க மாட்டேன் என்றன. மூக்கின் ஒரு பக்கத்தை அடைத்து மறுபக்கம் இழுக்கும்போது, பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்தோமா என்று தோன்றும். கிருஷ்ணகிரியில் பாலிடெக்னிக் விடுதியில் இருக்கும் மகன் நேற்று ஏன் போன் பண்ணவில்லை என்று தோன்றும். கடைசியில் சவாசனம். கைகால்களைப் பரத்தி மல்லாந்து, பிணம் மாதிரி கிடக்க வேண்டும். ஒருநாள் அப்படிக் கிடந்தபோது பாதிக் கண் திறந்து பார்த்தாள். மின்விசிறி இறக்கையில் தூசு படிந்திருந்தது. எழுந்து ஸ்டூலைப் போட்டு ஏறித் துடைத்துவிட்டுத்தான் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

ஆனாலும் இரண்டு வாரத்தில் மூச்சு கொஞ்சம் இறங்கிப் போவது தெரிந்தது. மாடிப்படி ஏறும்போது நடுவில் நிற்க வேண்டியிருக்கவில்லை.

அப்போதுதான் புகை வந்தது.

மூச்சை ஆழமாக இழுத்துக்கொண்டிருந்த நேரம். முதலில் நாக்கில் ஒரு கசப்பு. பிறகு தொண்டையை யாரோ உள்ளிருந்து பிடித்த மாதிரி இருந்தது. இருமிக்கொண்டே எழுந்து ஜன்னலருகே போனாள். கீழே, தகரம் அடித்த வேலிக்குள் கமலக்கண்ணனின் பழைய இரும்புக் கடை. அதன் மூலையில் ஒரு குவியல் எரிந்துகொண்டிருந்தது. பச்சையும் மஞ்சளுமாக ஒரு ஜ்வாலை, அதற்கு மேல் கன்னங்கரேலென்று புகை. பனி கனமாக இருந்ததால் மேலே போக முடியாமல் அந்தப் புகை மாடி உயரத்திலேயே படுத்துக் கிடந்தது. சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டு, தலையில் துண்டு சுற்றிய ஒரு பெண் இரும்புக் கம்பியால் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா! என்னத்த எரிக்கிறீங்க? மேல ஆள் இருக்கோம்!" பூங்கொடி கத்தினாள்.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். கைகளைத் தேய்த்துக் காட்டி, "சளிம்மா! தும்ப சளி!" என்றாள்.

நெஞ்சுச் சளி இருக்கிறவள் புகையில் நிற்பானேன் என்று பூங்கொடிக்கு விளங்கவில்லை. ஜன்னலை அடைத்து, இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்திவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

மறுநாளும் எரிந்தது. அதற்கு மறுநாளும். ஜன்னலை மூடிவிட்டுச் செய்து பார்த்தாள். சமையலறை வென்டிலேட்டர் வழியாகப் புகை வந்தது. அதைத் துணியால் அடைத்தாள். அடைத்த அறையில் அவள் விட்ட மூச்சே அவளிடம் திரும்பி வருவது போல இருந்தது. பயிற்சி செய்யும்போது காது முழுக்கக் கீழேயே இருக்கும். கம்பி உரசும் சத்தம் கேட்டதா? தீக்குச்சி கிழித்தார்களா? இழுத்த மூச்சை விடாமல் வாசனை பிடிப்பாள். யோகா போய், காவல் வேலை வந்து சேர்ந்தது.

சக்தியிடம் சொன்னாள். வந்த அலுப்பில் போர்வைக்குள் போய்க்கொண்டே அவன், "விடு பூங்கொடி. மாசி கழிஞ்சா பனி போயிரும். அதுவரைக்கும் சாயங்காலம் செய்யி" என்றான்.

"சாயங்காலம் வந்து சோறாக்கணுமே. நீங்க ஷிப்டுக்குப் போக வேணாமா?"

அதற்குள் தூங்கிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கி வீட்டுக்காரர் திம்மப்பனிடம் போனாள். இரும்புக் கடை இருந்த காலி மனையும் அவருடையதுதான். கமலக்கண்ணனுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்.

"அண்ணே, எனக்கு வீசிங். அந்தப் புகையில என்னால இருக்க முடியல. எரிக்கிற அம்மாவுக்கே நெஞ்சுச் சளியாம், அவங்களே சொன்னாங்க."

திம்மப்பன் சிரித்துவிட்டார். "அது கெம்பம்மா. தளிப் பக்கத்துப் பொம்பளை. கன்னடத்துல சளின்னா குளிருதான்மா. குளுரா இருக்குதுன்னு சொல்லியிருக்கா." பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "சரி, நான் பேசறன்."

அவர் பேசிய விதத்தைப் பூங்கொடி மேலிருந்து பார்த்தாள். கமலக்கண்ணன் கடையில் இல்லை. திம்மப்பன் வேலியோரம் நின்று கன்னடத்தில் சத்தம் போட்டார். தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கெம்பம்மா கம்பியைப் பிடித்தபடி தலையைக் குனிந்து நின்றாள். ஒரு தடவை மட்டும் நிமிர்ந்து மாடி ஜன்னலைப் பார்த்தாள். பூங்கொடி சட்டென்று பின்னால் நகர்ந்துகொண்டாள்.

தீ நின்றது. ஜன்னல் வழியாகச் சுத்தமான குளிர் வந்தது. பூங்கொடி ஜமுக்காளத்தில் உட்கார்ந்து கண்ணை மூடினாள்; அந்த நிமிர்ந்த முகம்தான் தெரிந்தது. கண்ணைத் திறந்தாள். மறுபடி மூடினாள். இப்போது கீழே ஒரு சத்தமும் இல்லை. அதுவும் தொந்தரவாக இருந்தது. மூன்று நாள் இப்படிப் போன பிறகு, பால் வாங்கப் போகிற சாக்கில் தகரக் கதவைத் தள்ளி உள்ளே போனாள்.

கெம்பம்மா சாக்கின் மேல் உட்கார்ந்து, ஒரு பழைய பிளேடால் ஒயரின் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. துணியில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. விரல்கள் குளிரில் விறைத்து, பிளேடு சரியாகப் பிடிபடவில்லை. அவள் முன்னால் உரித்த செம்புக் கம்பி கொஞ்சமாகக் கிடந்தது. பின்னால், உரிக்காத ஒயர் ஆள் உயரத்துக்கு.

"நெருப்பு வேணாம்னது நீதானே?" கெம்பம்மா தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"எனக்கு மூச்சு வாங்குதும்மா. அதான்."

"நனக்கும்தான் வாங்குது. நெருப்பு போட்டா ஒயர் தோலு எல்லாம் உருகிப் போவும், செம்பு மட்டும் நிக்கும். இப்போ பாரு. சாயங்காலம் வரைக்கும் சீவினாலும் இவ்ளோதான். எடைக்குத்தான் கூலி."

பூங்கொடி குனிந்து ஒரு ஒயரைக் கையில் எடுத்தாள். மஞ்சளில் கறுப்புக் கோடு. இன்னொன்று, பச்சையில் வெள்ளைக் கோடு. ஒரு முனையில் சுற்றியிருந்த டேப்பைப் பார்த்ததும் அவளுக்குத் திக்கென்றது. அவளுடைய கம்பெனியில், அவளுடைய லைனில் கழித்துப்போட்ட கட்டுகள். அந்த டேப்பை அவளே சுற்றியிருக்கலாம்.

"இதை உரிக்க மிஷின் இருக்குங்க. கையால சுத்துறது. எங்க ஸ்டோர்ல பழசு ஒண்ணு கிடக்கு, பார்த்திருக்கேன்" என்றாள்.

"ஓனர்கிட்ட சொல்லு. நனக்கு ஏன் சொல்ற?"

கமலக்கண்ணனிடமும் சொன்னாள். அன்று மாலை கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேராகக் கடைக்குப் போய், ஸ்வெட்டரின் கையை இழுத்து விட்டுக்கொண்டே நின்று சொன்னாள். அவர் தர்மபுரிக்காரர், கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"மிஷின் எதுக்கும்மா? ஒரு தீக்குச்சி போதும். நீ சொன்னன்னு திம்மப்பன் கத்தினாரு, நானும் நிறுத்திட்டன். சரிதான? அந்தக் கெம்பம்மாவும் கையால பாத்துகினு இருக்குது. விடு."

"கை எல்லாம் கிழிஞ்சு கெடக்குண்ணே."

"உனக்குப் புகையும் வரக்கூடாது, அதுக்குக் கையும் கிழியக்கூடாது. ரெண்டுத்துக்கும் நான் எங்க போவன்?"

வீட்டுக்குப் போய் வெங்காயம் நறுக்கினாள். நறுக்கிக்கொண்டே ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்தாள். "உனக்கு வேண்டியது கெடச்சிருச்சுல்ல, இன்னும் என்ன?" என்று சக்தி கேட்டான். "கெடச்சிருச்சு" என்றாள். குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

போகியன்று அவளுக்குக் கம்பெனி விடுமுறை. மகன் முன்னாலேயே ஊருக்குப் போய்விட்டான். இவர்கள் அன்று இரவு பஸ்ஸில் கிளம்புவதாக இருந்தது. விடிந்தும் விடியாமலும் தெருவில் ஆங்காங்கே பழைய பாயும் துடைப்பமும் எரிந்தன. அதை எதிர்பார்த்து ஜன்னலை மூடி வைத்திருந்தாள். சக்தி ஷிப்ட் முடிந்து வந்து அப்போதுதான் படுத்திருந்தான். பூங்கொடி பைகளை அடுக்கிவிட்டு, இன்றைக்கு மட்டும் விட்டுவிடலாமா என்று ஜமுக்காளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூடிய ஜன்னலின் கண்ணாடி கறுத்தது.

எட்டிப் பார்த்தாள். இத்தனை நாள் சேர்ந்திருந்த ஒயர்க் குவியல் முழுவதும் எரிந்துகொண்டிருந்தது. போகிப் புகையோடு புகையாகப் போய்விடும், யார் கேட்கப் போகிறார்கள் என்று கமலக்கண்ணன் தீ வைத்துவிட்டு டீக்கடைக்குப் போயிருந்தார். கெம்பம்மா தனியாகக் கம்பியோடு சுற்றி வந்தாள். புகை அவளை மூடும், விலகும், மறுபடி மூடும். ஒரு தடவை விலகியபோது அவள் முழங்காலில் நின்றாள். அடுத்த தடவை கையைத் தரையில் ஊன்றியிருந்தாள்.

"என்னங்க! எந்திரிங்க! கீழ அந்தம்மா விழுந்துட்டாக!"

சக்தி எழுந்தானா என்று பார்க்க அவள் நிற்கவில்லை. துண்டை நனைத்து மூக்கில் கட்டினாள். இன்ஹேலரை முந்தானையில் முடிந்துகொண்டு படியில் இறங்கினாள். தகரக் கதவுக்குள் போனதும் கண் தெரியவில்லை. இருமல் வந்த திசையில் நடந்து, கையில் அகப்பட்ட சட்டையைப் பிடித்து இழுத்தாள். கெம்பம்மா கனமாக இருந்தாள். இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்துத் தெருவுக்குக் கொண்டுவந்தபோது பூங்கொடியின் நெஞ்சிலும் விசில் அடித்தது.

திம்மப்பன் வீட்டுப் படியில் அவளை உட்கார வைத்தாள். கெம்பம்மாவின் உதடு சாம்பல் நிறமாகியிருந்தது. மூச்சை உள்ளே இழுக்க இழுக்க அது தொண்டையிலேயே நின்றது. பயத்தில் பூங்கொடியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"என்னைப் பாருங்க. கண்ணை மூடாதீங்க. கொஞ்சம் முன்னால குனிஞ்சு உக்காருங்க, கையை முழங்கால்ல வைங்க. ஆங். மூக்கால கொஞ்சூண்டு இழுங்க. இப்ப உதட்டைக் குவிச்சு மெதுவா ஊதுங்க. அவசரமில்ல. மெதுவா. இன்னும் மெதுவா."

"ஆகல்லா... ஆகல்லா..."

"ஆகும். என் கூட ஊதுங்க."

இரண்டு பேரும் எதிரெதிரே குனிந்து ஊதினார்கள். நடுவில் பூங்கொடிக்கே முடியாமல் போய், முடிச்சை அவிழ்த்து இன்ஹேலரை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு மறுபடி ஊதினாள். அதற்குள் சக்தி லுங்கியும் பனியனுமாக ஓடிவந்து, தெருவோரம் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலைப் பாண்டுச் சட்டியில் அள்ளி அள்ளித் தீயின் மேல் எறிந்தான். உருகிய இரும்போடு வேலை பார்க்கிறவனுக்கு நெருப்பின் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. டீக்கடையிலிருந்தவர்களும் ஓடிவந்து மணல் அள்ளினார்கள். தீ அடங்கிக் குமைந்தது. யாரோ ஆட்டோ பிடித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் கெம்பம்மாவுக்கு ஆக்ஸிஜன் வைத்தார்கள். "இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே கெடந்திருந்தா கஷ்டம்" என்றார் டாக்டர். பூங்கொடி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உட்கார முடியவில்லை, எழுந்து நடந்தாள். நான் சொல்லாமல் இருந்திருந்தால் தினம் கொஞ்சம் கொஞ்சமாக எரிந்திருக்கும். நான் நிறுத்தச் சொன்னதால்தானே மொத்தமும் சேர்ந்து எரிந்தது? யோசனை அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. அன்றிரவு பஸ்ஸை விட்டுவிட்டார்கள். மகன் போனில் சத்தம் போட்டான். "நாளைக்கு வாரோம்" என்று மட்டும் சொன்னாள்.

அன்று மாலையிலேயே கமலக்கண்ணன் வந்து வார்டு வாசலில் நின்றார். உள்ளே போகத் தயங்கினார்.

"போய்ப் பாருங்கண்ணே. உங்க தீக்குச்சிதான் உள்ள படுத்திருக்கு" என்றாள் பூங்கொடி.

அவர் உள்ளே போனார். இனிமேல் அந்த மனையில் ஒரு துண்டு ஒயர் எரிந்தாலும் இடத்தைக் காலி பண்ண வேண்டியதுதான் என்று திம்மப்பன் ஏற்கெனவே சொல்லியிருந்தார். போலீஸ், கேஸ் என்று தன் தலையும் உருளுமே என்ற பயம் அவருக்கு.

பொங்கல் முடிந்து திரும்பியபோது, இரும்புக் கடைத் தகரக் கூரையின் கீழே, கையால் சுற்றும் மிஷின் ஒன்றை மேஜையில் முடுக்கியிருந்தார்கள். பெங்களூரிலிருந்து பழசாக வாங்கி வந்தது. தடித்த ஒயரைக் கடகடவென்று உரித்தது. மெல்லிசு ஒயரை நசுக்கித் துப்பியது. அதற்கு மட்டும் கெம்பம்மா இன்னும் பிளேடைத்தான் எடுத்தாள், ஆனால் கையில் ரப்பர் உறை இருந்தது. குளிர் காய ஒரு மூலையில் வெறும் விறகு எரிந்தது. பூங்கொடியைப் பார்த்தால் கெம்பம்மா தலையை மட்டும் அசைப்பாள். மன்னித்தாளா இல்லையா என்று பூங்கொடிக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

மாசி பிறக்கப் போகும் ஒரு காலையில், எல்லாம் முடித்துக் கடைசியில் மல்லாந்து படுத்தாள். ஜன்னல் திறந்திருந்தது. கீழே மிஷின் சுற்றும் சத்தம் கேட்டது. அது யார், எந்த ஒயர், உறை போட்டிருக்கிறாளா என்று மனம் கிளம்பியது. கிளம்பி, கொஞ்ச தூரம் போய், எங்கேயோ நின்றுவிட்டது. மூச்சு தானாகப் போய் வந்தது. கைகள் தரையில் கிடந்தன, யாருடையவோ கைகள் மாதிரி.

"அய்யோ தேவரே! ஏ சாமி, வாங்க, ஓடி வாங்க!"

யாரோ அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். கண்ணைத் திறந்தாள். கெம்பம்மாவின் முகம் முகத்துக்கு மேலே இருந்தது. வாசலில் ஒரு துணிப்பை கவிழ்ந்து, அறை முழுக்க அவரைக்காய் சிதறியிருந்தது. ஷிப்ட் முடிந்து வந்து, குழாய்ச் சத்தத்தில் எதுவும் கேட்காமல் சமையலறையில் நின்றிருந்த சக்தி பல் துலக்கிய நுரையோடு ஓடிவந்தான். கீழேயிருந்து திம்மப்பன், "ஏனாயித்து, என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே படியேறும் சத்தம் வந்தது.

"ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல! நான் யோகா பண்ணிக்கிட்டிருக்கேன்!"

கெம்பம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "கதவு தட்டினேன். கூப்பிட்டேன். திறந்து பாத்தா பொணம் மாதிரி கெடக்கற. இதுவா யோகா?"

"ஆமாம்மா. அப்படித்தான் படுக்கணும்."

"நல்லா படுத்த போ." கெம்பம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். "ஊர்லேர்ந்து அவரைக்காய் வந்துது, குடுக்கலாம்னு ஏறி வந்தேன். உயிரே போச்சு."

சக்தி வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து சிரிக்க ஆரம்பித்தான். பூங்கொடிக்கும் சிரிப்பு வந்தது. கெம்பம்மா மட்டும் சிரிக்கவில்லை. முறைத்துக்கொண்டே தரையில் கிடந்த காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, அங்கேயே உட்கார்ந்து தோலை உரித்துக் கொட்டை எடுக்கத் தொடங்கினாள். பூங்கொடி அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தாள். கம்பெனி பஸ்ஸை அன்று ஓடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

மறுநாள் அதே நேரத்துக்கு அதே மாதிரி படுத்துப் பார்த்தாள். மனம் எங்கேயும் நிற்கவில்லை. கதவைத் தாழ் போட்டோமா என்று இரண்டு தடவை எழுந்து பார்த்தாள்.